கடிகாரம் சுற்றும் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்பு மருமகளுக்கு மாமா எழுதும் கடிதம்.

இங்கே நாங்கள் மூன்று பேரும் மூன்று வேளை சாப்பிட்டுவிட்டு மூன்று மூலையில் உட்கார்ந்திருக்கிறோம். இதற்குச் சௌக்கியம் என்று பெயர் வைக்கலாமென்றால் சௌக்கியம்தான். அங்கே உன் அம்மாவின் கால் எப்படி இருக்கிறது? கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறார்கள் என்று என் பையன் சொன்னான். ரொம்ப சந்தோஷம். சம்பந்தியம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். மாடிப்படி மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றும் சொல்.

போனில் பேசிக்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம், சொல். நான் "சாப்டியாம்மா" என்பேன். நீ "சாப்ட்டேன் மாமா, நீங்க?" என்பாய். நான் "ஆச்சு" என்பேன். அப்புறம் இரண்டு பேரும் மூச்சு விடுவோம். நாலு மாதமாக இதே கதை. நாற்பது வருஷமாகக் கைக்கடிகாரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறவனுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? எழுதினால் கொஞ்சம் வரும்போல் இருக்கிறது.

விஷயம் இதுதான். போன வாரம் கண்காட்சிக்காரம்மா போன் செய்தார். அதுதான், கைவேலைக் கண்காட்சியில் உனக்கு ஒரு மேஜை ஒதுக்கியிருக்கிறார்களே, அந்த அம்மா. உனக்கு மூன்று தடவை அடித்தும் நீ எடுக்கவில்லையாம். விண்ணப்பத்தில் நம் கடை நம்பரும் இருந்ததால் இங்கே அடித்திருக்கிறார். மேஜையில் பன்னிரண்டு உருப்படியாவது இருக்க வேண்டுமாம். இல்லையென்றால் மெழுகுவத்தி செய்கிற யாருக்கோ அந்த இடத்தைக் கொடுத்துவிடுவார்களாம். எனக்கு வந்ததே கோபம்! "என் மருமக கண்டிப்பா வருவா. பன்னிரண்டு என்னங்க பன்னிரண்டு, இருபதே வைப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உன் அலமாரியைத் திறந்து எண்ணினேன். முடிந்தது ஐந்து, பாதியில் நிற்பது ஒன்று. உன்னைக் கேட்காமல் உனக்காக வாக்குக் கொடுத்தது தப்புதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது?

அந்த ஐந்தையும் அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். குரோஷா ஊசியால் நூலில் வட்டம் வட்டமாகப் பின்னி, நடுவில் மணி வைத்து, வட்டங்களைக் கோத்துக் கழுத்துக்கு மாலை, அதற்கு ஜோடியாகக் காதுக்குத் தொங்கட்டான். கண்ணில் செருகும் பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு கண்ணி பெரிது, ஒரு கண்ணி சிறிது என்று ஒன்றுகூட இல்லை. இத்தனை நாளும் நீ அறைக்குள் உட்கார்ந்து பொழுதுபோக்கிக்கொண்டிருக்கிறாய் என்றல்லவா நினைத்தேன்!

மணி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலு மாதத்துக்கு முன்னால் என் வேலை மேஜையில் நீ வகை வகையாகப் பரப்பி வைத்திருந்த மணிகளை ஒரே கையால் வழித்து ஒரே டப்பாவில் கொட்டினேன். "இது வீடா, மணிக்கடையா?" என்றும் கேட்டேன். ஒரு வாடிக்கையாளரின் கடிகாரத்தில் இருந்த சின்னத் திருகாணி காணாமல் போன ஆத்திரம். அந்தத் திருகாணி என் சட்டைக் கைமடிப்பில்தான் இருந்தது. மறுநாளே கிடைத்துவிட்டது, உன்னிடம் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள் உன் அம்மா வழுக்கி விழுந்த செய்தி வந்தது, நீ கிளம்பிப் போய்விட்டாய்.

இப்போது அந்த டப்பாவைக் கவிழ்த்துப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, கடிகாரச் சாமான் போட்டு வைக்கும் மூடிக் கிண்ணங்களில் போடுகிறேன். மொத்தம் பதினொரு வகை. முதல் இரண்டு நாள் பத்து வகை என்றே நினைத்தேன். நீலத்தில் இரண்டு உண்டு என்பது மூன்றாம் நாள்தான் புரிந்தது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. உன் அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். "கொட்டறதுக்கு ஒரு நிமிஷம் ஆகல, பொறுக்க ஒன்பது நாளா? நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளிடமிருந்து அனுதாபத்தை எதிர்பார்த்தது என் புத்தி.

பிரித்த கையோடு எனக்கும் ஆசை வந்துவிட்டது. மீதி உருப்படிகளை நாமே செய்தால் என்ன? கம்பி வளைப்பதும் கொக்கி மாட்டுவதும் என் தொழில்தானே? பழைய மேஜைக் கடிகாரத்துப் பித்தளைப் பல்சக்கரம் இரண்டை எடுத்து, பளபளவென்று தேய்த்து, ஆளுக்கொரு சிவப்பு மணி தொங்கவிட்டு ஒரு ஜோடித் தொங்கட்டான் செய்தேன். பார்க்க அமர்க்களமாக இருந்தது. உன் அத்தையின் காதில் மாட்டினேன். அவள் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பினாள், அவ்வளவுதான், பல்சக்கரத்தின் பல் அத்தனையும் தலைமுடியைக் கவ்விக்கொண்டது. அவள் அலற, நான் சாமணத்தோடு ஒவ்வொரு முடியாக விடுவிக்க, நம் முன்னறைக் கடைக்கு வந்த ஒருவர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "பேன் பாக்கறீங்களா சார், நான் அப்புறம் வரட்டுமா?" என்றார். உன் அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது என்று எழுதலாம் என்று பார்த்தேன். அவள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் ஒட்ட விடுவாள்.

கண்காட்சிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. உன் அம்மாவையும் உன் உடம்பையும் பார்த்துக்கொள். நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுது.

எல்லா நலமும் உனக்கு வரட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா.


புதன்கிழமை, கடை அடைத்த மதியம்

அன்பு மருமகளுக்கு,

இரண்டு வரி எழுது என்றேன், எண்ணி இரண்டே வரி எழுதியிருக்கிறாய். "மேஜையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள் மாமா. நான் அதற்கு இருப்பேனா என்று தெரியவில்லை." நாலைந்து தடவை படித்தேன். கண்காட்சிக்கு இருப்பேனா என்கிறாயா, இந்த வீட்டுக்கே இருப்பேனா என்கிறாயா என்று என் பையனைக் கேட்டேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். லிப்ட் ரிப்பேர் செய்கிறவன், ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் மேலே ஏற்றிவிடுகிறான், அவன் முகம் மட்டும் நாலு மாதமாகக் கீழேயே கிடக்கிறது.

உன் அத்தைதான் கடைசியில் உடைத்துச் சொன்னாள். நீ அவனிடம் தனி வீடு பார்க்கச் சொன்னாயாம். அவன் அப்பா அம்மாவை விட்டுவிட்டு எப்படி வருவது என்றானாம். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மாடிப்படியில் நின்றுகொண்டு உன்னோடு பேசுகிறான். பேச்சு முடிந்து உள்ளே வரும்போது அவனைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் கொட்டியது மணியை மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, அழுதுகொண்டே எழுதினால் எழுத்து கலைந்துவிடும். சந்தோஷமான சமாசாரத்துக்கு வருகிறேன். மேஜையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கோபப்படாதே. நான் குரோஷா கற்றுக்கொண்டுவிட்டேன்!

எப்படி என்று கேள். பையன் போனில் வீடியோ போட்டுக் காட்டுகிறேன் என்றான். "எனக்கா? கடிகார ரிப்பேர் நான் எந்த வீடியோ பார்த்துடா கத்துக்கிட்டேன்?" என்று விரட்டிவிட்டேன். ஒரு இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் அதைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது எது முதலில் வந்தது என்று பார்த்துக்கொண்டு, பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்ட வேண்டும். நீ பாதியில் விட்ட அந்த ஆறாவது மாலையில் ஒரு வட்டத்தை மேஜையில் வைத்து, பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நூலை இழுத்தேன். ஒரு கண்ணி அவிழ்ந்தது. தாளில் படம் போட்டேன். அடுத்தது. அதற்கும் படம். முழு வட்டமும் பிரிய இரண்டு நாள், படம் எழுபத்திரண்டு. ஆமாம், உன் வேலையைப் பிரித்துவிட்டேன். திட்டு. திட்டுவதற்காகவாவது மூன்றாவது வரி எழுது.

பிரிக்கப் பிரிக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. நடுவில் முதல் சுற்றில் சரியாகப் பன்னிரண்டு கண்ணி! அடுத்த சுற்றில் இருபத்துநாலு! அதற்கடுத்தது முப்பத்தாறு! அம்மாடி, நீ பின்னிக்கொண்டிருந்தது கடிகார முகமல்லவா? அதுவும் எந்தப் பக்கம் சுற்றுகிறது? பிரிக்கும்போது நூல் இடப்பக்கமாக ஓடியது. அப்படியானால் பின்னும்போது கடிகார முள் போகிற பக்கம். ஆகா என்று தொடையைத் தட்டினேன். இதை யார் கண்டுபிடித்திருந்தாலும் அவர்கள் வீட்டில் ஒரு கடிகாரக்காரன் இருந்திருப்பான் என்று உன் அத்தையிடம் சொன்னேன்.

ஆனால் ஒரு சங்கடம். அந்தப் பக்கமாகப் பின்ன வேண்டுமென்றால் ஊசி இடது கையில் இருக்க வேண்டும். வலது கையில் பிடித்துப் பல விதமாக முயன்று பார்த்தேன், கண்ணி எல்லாம் என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. சரி, இது இடது கை வேலை போலிருக்கிறது, பெண்கள் எல்லாரும் எப்படித்தான் பழகுகிறார்களோ என்று வியந்துகொண்டே என் இடது கைக்குப் பாடம் எடுத்தேன். அறுபத்தாறு வயதில்! முதல் வாரம் ஊசி நூலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குத்தியது. கட்டை விரலில் ஒரு பிளாஸ்திரி, ஆள்காட்டி விரலில் இரண்டு.

முதலில் செய்த வட்டம் வட்டமாக வரவில்லை. மூன்றாம் சுற்றில் கண்ணியைக் கூட்ட மறந்துவிட்டேன், ஓரமெல்லாம் நிமிர்ந்துகொண்டு கிண்ணமாகிவிட்டது. காலையில் பையன் அதில் ஒரு அவித்த முட்டையை வைத்துச் சாப்பிட்டான். நாலு மாதத்தில் அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதனால் அந்தக் கிண்ணத்தை நான் பிரிக்கவில்லை. இரண்டாவதில் பயந்துபோய்க் கண்ணியை அதிகமாகக் கூட்டினேன், அது காலிபிளவர் மாதிரி சுருட்டிக்கொண்டது. பதினோராவது வட்டம்தான் மேஜையில் படுத்தது. கொத்தனார் வைக்கிற ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். சிரிக்காதே.

இதில் ஓர் ஆச்சரியம் என்ன தெரியுமா? உன் அத்தை. நான் இடது கையில் ஊசியோடு மல்லாடுவதைப் பார்த்த நாளிலிருந்து அவள் ஒரு குத்தல் பேச்சுப் பேசவில்லை. கேட்காமலே தேநீர் வருகிறது. பிளாஸ்திரி அவளே ஒட்டுகிறாள். நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "உங்களுக்கும் நல்ல மனசு இருக்குங்க" என்றாள். கல்யாணம் ஆகி நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. என்ன காரணம் என்று கேட்டு அதைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

மூன்று மாலை முடித்துவிட்டேன். வெள்ளை நூல் தீர்ந்துபோயிற்று. நாளைக்குக் கடைத்தெரு நூல்கடைக்குப் போகிறேன். நூல்கடைக்காரம்மாவிடம் என் வேலையைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டு, கொஞ்சம் அலட்டிக்கொண்டு வரலாம் என்று உத்தேசம்.

தனி வீட்டு விஷயத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை என்று நினைக்காதே. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.

தைரியமாக இரு. உன் அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
விரலெல்லாம் பிளாஸ்திரியோடு,
உன் மாமா.


திங்கட்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

நூல்கடைக்குப் போய் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. கண்காட்சியும் நேற்று முடிந்துவிட்டது. இனியும் எழுதாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை.

கடைக்குப் போனேனா, அங்கே நாலைந்து பெண்கள் நூல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஊசியை எடுத்து, எல்லாரும் பார்க்கட்டும் என்று ஒரு வட்டம் ஆரம்பித்தேன். நூல்கடைக்காரம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஐயா இடது கைக்காரரா?" என்று கேட்டார். இல்லையே என்றேன். "பின்னே ஏன் இடது கையால பின்றீங்க?" என்றார். இந்த அம்மாவுக்குத் தொழில் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, குரோஷா கடிகாரம் சுற்றும் பக்கமாகத்தான் போக வேண்டும், அதற்கு இடது கைதான் வேண்டும் என்று கடை முழுக்கக் கேட்கும்படி விளக்கம் சொன்னேன். எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள் பார், சிரித்த சிரிப்பில் ஒரு பெண்ணின் கையிலிருந்து நூல்கண்டு உருண்டு தெருவரைக்கும் போய்விட்டது.

நூல்கடைக்காரம்மா வலது கையில் ஊசியை எடுத்து என் கண் முன்னாலேயே ஒரு வட்டம் போட்டார். எதிர்ப்பக்கமாகப் போயிற்று. சுவரில் மாட்டியிருந்த மாதிரிகளைக் காட்டினார். எல்லாமே எதிர்ப்பக்கம். "அப்படின்னா நீங்க அத்தனை பேரும் தப்பாப் பின்றீங்க" என்றேன். விடுவேனா? உன் ஐந்து மாலைகளையும் எடுத்து மேஜையில் வைத்தேன். இதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர் ஒன்றைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிட்டார். "இது உங்க மருமக பின்னினதுதானே? அவங்க இடது கைக்காரங்க ஐயா. எங்கிட்டதான் ஊசி வாங்குவாங்க. இடது கையில பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் எடுப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது அம்மா. ஆறு வருஷம் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம். ஒரு கடிகாரத்தில் முள் அரை நிமிஷம் பின்தங்கினால் வாசலில் இருந்தே கண்டுபிடிக்கிறவன் நான். நீ இடது கைக்காரி என்பது எனக்குத் தெரியாது. அசடு வழிந்துகொண்டு வெள்ளை நூலை வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

உன் அத்தையிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அப்போ தெரிஞ்சு பண்ணலையா நீங்க?" என்றாள். அவள் என்ன நினைத்திருக்கிறாள் தெரியுமா? நான் உனக்காக, உன் கை படும் கஷ்டத்தை என் கையும் படட்டும் என்று இடது கையால் பழகுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். அதற்குத்தான் அத்தனை தேநீரும்! "நல்ல மனசு" என்று சொன்னது அதற்குத்தான். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, வெறும் மடையன்தான் என்று தெரிந்ததும் அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

அப்புறம் அவள் சொன்னாள். நீ இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, எனக்குத் தேநீரை இடது கையால் நீட்டினாயாம். நான் தலையைத் தூக்காமலே "கையை மாத்தும்மா" என்றேனாம். எனக்கு அது ஞாபகமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து நான் இருக்கும் இடத்தில் நீ எழுதுவது, நறுக்குவது, பரிமாறுவது எல்லாம் வலது கையால்தானாம். என் முன்னால் இரண்டு தட்டைக் கீழே போட்டாய். "கவனமா இரும்மா" என்று சொன்னேன், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் அறைப்பக்கம் வந்தால் நூலையும் ஊசியையும் மடியில் போட்டு மூடிவிடுவாய். மாமனாருக்கு மரியாதை கொடுக்கிறாள் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். என் வேலை மேஜையில் அன்றைக்கு நீ உட்கார்ந்தது, நான் வெளியே போயிருந்ததால். நல்ல வெளிச்சத்தில், உன் கையால், ஒரு மணி நேரம். அதையும் வழித்துக் கொட்டினேன்.

ஒரு மாதமாக என் இடது கையோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எடுத்தது நழுவும், பிடித்தது வழுக்கும், தன் கையே தனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கும். எனக்கு அது ஒரு மாதம். உன்னை ஆறு வருஷம் அப்படி வைத்திருந்தேன். என்னை மன்னித்துவிடு அம்மா. பெரியவர் மன்னிப்புக் கேட்கலாமா என்றெல்லாம் நினைத்து மழுப்பாதே. கேட்கிறேன், அவ்வளவுதான்.

கண்காட்சிச் சமாசாரத்தையும் சொல்ல வேண்டும். மறுநாளே போய் நூல் வாங்கினேன். மீதி நாலையும் முடித்தேன், இடது கையாலேயே. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே! உன்னுடையது ஐந்து, என்னுடையது ஏழு. பலகையில் உன் பெயரைத்தான் எழுதினேன். உன் அத்தை நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்து மேஜைக்குப் பின்னால் மகாராணியாக உட்கார்ந்தாள். நான் ஓரத்தில் நின்றேன். உன் ஐந்தும் மதியத்துக்குள் போய்விட்டன. கடைசி மாலைக்கு இரண்டு பெண்கள் போட்டி போட்டார்கள், நான் நடுவில் போய்ப் பஞ்சாயத்துச் செய்ய வேண்டியிருந்தது. என் ஏழில் ஒன்று விற்றது. இன்னொன்றை முகத்தை மூடிக்கொள்ளாத குறையாக ஒருத்தி வந்து வாங்கினாள். யாரென்று பார்த்தால் நூல்கடைக்காரம்மா. "பாவம், எதிர்ப்பக்கமாப் பழகின கை" என்றார். மூன்றாவதை உன் அத்தை தானே எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, இனி இது விற்பனைக்கு இல்லை என்று அறிவித்துவிட்டாள். அதில் பல்சக்கரம் இல்லை என்பதை மட்டும் முதலில் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் கண்காட்சிக்காரம்மா வந்தார். அடுத்த முறையும் மேஜை வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று உன் நம்பரைக் கொடுத்தேன். இந்தத் தடவை போனை எடு. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் உன் வாயால் சொல்.

இப்போது தனி வீட்டு விஷயம். நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் என் பையனிடம் பேசினேன். அவள் கேட்டது நியாயம்டா என்றேன். நானும் அம்மாவும் எங்களைப் பார்த்துக்கொள்வோம், எங்களைச் சாக்குச் சொல்லி நீ படியில் நின்று குடும்பம் நடத்தாதே என்றேன். உன் அத்தை இடையில் புகுந்து, "நாங்க என்ன பச்சைக் குழந்தைங்களா? இவரை நான் சமாளிச்சுக்குவேன்" என்றாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் "லீவு கேக்கட்டுமாப்பா?" என்றான். குரல் பன்னிரண்டு வயதுப் பையனின் குரல் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை வண்டியில் அவன் அங்கே வருகிறான். பதினொரு கிண்ண மணியும், உன் ஊசிகளும், மிச்ச நூலும் அவன் பெட்டியில் வருகின்றன. அவற்றை இங்கே வைத்துக்கொண்டு, அவற்றைக் காட்டி உன்னைக் கூப்பிட்டால் அது நியாயம் இல்லை. நீ அங்கேயே இருந்து வேலை செய்ய நினைத்தால் செய். இந்தத் தெருவிலேயே தனி வீடு பார்க்கலாம் என்றால் பாருங்கள். உன் அம்மா ஊரிலேயே இருவரும் இருக்கிறோம் என்றால் அதற்கும் சரி, லிப்ட் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? இந்த வீட்டுக்கே வருகிறேன் என்றால், அம்மா, அந்தச் சந்தோஷத்தை நான் கடிதத்தில் எழுத மாட்டேன், எழுதினால் அதையும் ஒரு கட்டாயமாக நீ எடுத்துக்கொள்வாய்.

உனக்கும் என் பையனுக்கும் நீண்ட ஆயுசும், ஒரே கூரையும் என்றைக்கும் இருக்கட்டும்.

போவதற்கு மட்டும்தான் அவனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். திரும்பி வருவதற்கு எடுக்கவில்லை. அதை நீ சொல்லி அவன் எடுக்கட்டும். இரண்டு டிக்கெட் எடுத்தாலும் சரி, எடுக்காமலே இருந்துவிட்டாலும் சரி. ஒன்று மட்டும் எடுக்க விட்டுவிடாதே அம்மா.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
உன் மாமா.